வாண்டர்பில்ட்: இது எந்த ஊர்ப் பேர்?

டச்சுக் குடும்பப் பேர்கள் பத்தின போன பேச்சுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு ரொம்பப் பிடிச்சுது. "வாண்டர்பில்ட்னா என்ன அர்த்தம்? முன்னால 'வான்' இருக்கே, பிரபு வம்சமா?"ன்னு ஒரு நேயர் கேட்டிருக்கார்.

பிரபுவை முதல்ல விட்டுருங்க. ஜெர்மன்ல 'ஃபொன்' வந்தா பெரும்பாலும் பிரபு வம்சம். டச்சுல 'வான்'னா இன்ன இடத்துக்காரர், அவ்வளவுதான். குடியானவர், தச்சர் எல்லாருக்கும் வரும்.

பேரைப் பிரிங்க. வான், டெர், பில்ட். உட்ரெக்ட் நகரத்துக்குக் கிழக்கே ஒட்டினாப்பல டெ பில்ட்னு ஒரு ஊர். 'வான்' சேரும்போது பழைய இலக்கணப்படி அந்த 'டெ' 'டெர்' ஆயிடும். நெதர்லாந்தோட வானிலை மையம் 1897-லேருந்து அங்கதான் இருக்கு. 

அந்த ஊர்க்காரர் யான் ஆர்ட்ஸோன் 1650 வாக்குல, இன்னைக்கு நியூயார்க் இருக்கிற பக்கம் குடியேறினார். கப்பல்லயும் ரயில்லயும் பெரும் பணம் சேர்த்த கார்னீலியஸ் வாண்டர்பில்ட் அவர் வம்சம்தான்.

எப்பவும் சொல்றதுதான், திரும்பவும் சொல்றேன்: ஊர்ப் பேர் ஊரை விட்டு வந்தவருக்குத்தான் ஒட்டும். டெ பில்ட்லயே எல்லாரும் டெ பில்ட்காரங்க, அங்க அந்தப் பேரால யாரை அடையாளம் காட்டுறது? ஓவியர் வான்கோவோட பேர்ல இருக்கிற கோஹ், எல்லைக்கு அந்தப் பக்கம் இப்போ ஜெர்மனியில இருக்கு. இலங்கைப் பறங்கியர்கள்ல வான் கைலன்பர்க்னு ஒரு பேர் உண்டு. அது நெதர்லாந்துல லெக் ஆத்தங்கரையில இருக்கிற குலம்போர்க். அதனால முன்னோரைத் தேடும்போது பேர்ல இருக்கிற ஊரோட நிக்காம சுத்துப்பட்டு ஊர்களையும் பாருங்க.

வான் டைக், வான் டென் பெர்க் எல்லாம் வேற வகை. டைக்னா வெள்ளம் தடுக்கிற கரை, பெர்க்னா மலை, மேடு. வீடு இருந்த இடத்தை வச்சு ஊருக்கு ஊர் தனித்தனியா வந்த பேர். ஒரே பேர்ங்கறதால சொந்தம்னு முடிவு கட்டிடாதீங்க.

இதையெல்லாம் விட, பழைய பதிவுல எப்படித் தேடுறதுன்னு கேட்டிருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆர்ட்ஸோன்னா ஆர்ட்டோட மகன். அந்தக் காலத்து ஞானஸ்நானப் பதிவுல யானோட பிள்ளைங்க வழக்கமா 'யான்ஸ்'னுதான் வருவாங்க, வாண்டர்பில்ட்னு தேடினா கைக்குச் சிக்காது. 1664-ல அந்த நியூயார்க் பக்கம் டச்சுக்காரங்க கிட்டேருந்து ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகுதான் அங்க குடும்பப் பேர் மெல்ல நிலைச்சுது. நெதர்லாந்துலயே எல்லாரும் பதிஞ்சாகணும்னு நெப்போலியன் ஆணை வந்தது 1811-லதான். அதனால அப்பா பேரை வச்சுத் தேடுங்க. சாட்சிப் பேர்களையும் எழுதி வச்சுக்கங்க, அதுல பாதிக்கு மேல தாத்தா பாட்டி, சித்தப்பா, அத்தைன்னு சொந்தமாத்தான் இருக்கும். அகரவரிசைப் பட்டியல்ல நெதர்லாந்துன்னா 'வான் டெர்'ஐ விட்டுட்டு பில்ட்னு 'பி' எழுத்துல பாருங்க, பெல்ஜியம், அமெரிக்கான்னா 'வி'யில.