தலை பெருத்த மீன்: எங்கள் குளத்தில் மூன்று வருஷம்

எல்லோருக்கும் வணக்கம். கரையில் காற்று அதிகம், இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நிற்பது வீரவநல்லூர்ப் பக்கம், கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் வந்து சேரும் ஒரு சின்னக் குளம். நிறைந்து நின்றால் பத்து ஏக்கர் தேறும். நானும் சித்தப்பாவும் மீன் குத்தகை எடுத்து இது மூன்றாவது வருஷம்.

போன மாதம் ஊட்டிக்குப் போய், அவலாஞ்சியில் ட்ரௌட் மீன் குஞ்சு பொரிக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். 1907இல் வில்சன் என்கிற வெள்ளைக்காரர் ஏற்படுத்தியது. அந்த வீடியோவைக் காட்டியதிலிருந்து டீக்கடையில் ஒரே கேள்வி. "மணிமுத்தாறு அணைல அந்த மீன விட்டா வளராதா அண்ணாச்சி?"

வளராது. அதற்குப் பத்திலிருந்து பதினெட்டு டிகிரி வரை இருக்கிற தண்ணீர் வேண்டும். இருபத்தைந்தைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நம்ம குளம் சித்திரை மாதம் மதியம் கால் வைத்தால் வெந்நீர். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும், ட்ரௌட்டுக்கோ அது நிறைய வேண்டும். மாஞ்சோலையில் குளிருகிறதே என்று ஒருத்தர் கேட்டார். அது புலிகள் காப்பகம். அந்நிய மீனை அங்கே விடுகிற பேச்சே வேண்டாம்.

ஆனால் அங்கே பார்த்த ஒரு விஷயம் மனதில் ஒட்டிக்கொண்டது. ட்ரௌட் ஓடுகிற தண்ணீரில், கூழாங்கல்லுக்கு நடுவேதான் முட்டையிடும். தேங்கின ஏரியில் இனப்பெருக்கம் கிடையாது, மனிதன் கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. நம்ம குளத்தில் வளர்க்கிற கெண்டை மீன்கள் கட்லா, ரோகு, மிர்காலும் அப்படியேதான். ஆற்று வெள்ளத்தில் முட்டையிடுகிற சாதி, குளத்தில் இடாது. 1957 ஜூலை 10ஆம் தேதி ஹிராலால் சௌத்ரி என்கிற விஞ்ஞானி மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு முட்டையிட வைத்த பிறகுதான் குஞ்சு இவ்வளவு சுலபமாகக் கிடைக்க ஆரம்பித்தது. அப்படியென்றால் குளத்தில் எத்தனை மீன் என்பதை முடிவு செய்கிறவன் நான்தான். மழையும் இல்லை, சாமியும் இல்லை. இது தெரியாமல்தான் முதல் வருஷம் கையைச் சுட்டுக்கொண்டேன்.

2022 கார்த்திகையில் குளம் பெருகியது. குஞ்சு விலை மலிவாக இருந்தது. நிறைய விட்டால் நிறைய வரும் என்று இருபதாயிரம் விட்டோம், அதுவும் பொடிக் குஞ்சு. தீவனம் போடும் குளம் இல்லை இது. தண்ணீரில் தானாக விளைகிற பாசியும் பூச்சியும்தான் சாப்பாடு. பத்துப் பேருக்கு ஆக்கிய சோற்றுக்கு நூறு பேர் உட்கார்ந்த கதை. வைகாசியில் வலையை இழுத்தால் எல்லாம் இருநூறு கிராம். தலை பெரிசு, உடம்பு சப்பை. கரையில் நின்ற ஒரு பெரியவர் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னலே, மீனா கருவாடா?" என்றார். அவர் சொன்னது சரி. தலை பெருத்து உடம்பு ஒட்டியிருந்தால் அந்த மீன் பட்டினி கிடந்திருக்கிறது. தராசே வேண்டாம், கண்ணால் பார்த்தாலே போதும்.

இரண்டாவது வருஷம் எண்ணிக்கையைப் பாதிக்கும் கீழே குறைத்தோம். அதற்குப் பலன் பார்க்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மழை. இங்கே குளம் நிறைந்து மிச்சத் தண்ணீர் மறுகாலில் பாய்ந்த பாய்ச்சலில், குறுக்கே கட்டியிருந்த வலை எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை. ஊரே வெள்ளத்தில் தவிக்கும்போது மீனுக்கு அழ முடியுமா? தண்ணீர் வடிந்த பிறகு வந்து பார்த்தால், நாங்கள் விட்டது போய்விட்டது. விடாதது வந்திருந்தது, ஜிலேபி என்கிற திலேப்பியா மீன்.

ஜிலேபியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன். இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டைக்குத் தயாராகிவிடும். தாய் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும், அதனால் குஞ்சு அவ்வளவு சுலபத்தில் அழியாது. கட்லா குளத்தில் பெருகாது, இது பெருகுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. கடைசியில் குளம் முழுக்க உள்ளங்கையளவு மீன். நான் எண்ணிக் குறைத்த கணக்கெல்லாம் இதனிடம் செல்லாது.

சித்தப்பாதான் சொன்னார், ஜிலேபிக் குஞ்சைத் தின்ன விராலை விடுவோம் என்று. நான் சண்டை போட்டேன். காசு கொடுத்து வாங்கின குஞ்சை விரால் தின்றுவிடும் என்று பயம். பயம் நியாயமானதுதான். அதற்கு வழி, கட்லாவையும் ரோகுவையும் பொடியாக வாங்காமல் விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்ததாக வாங்குவது. விலை கூடுதல், ஆனால் குட்டி விராலின் வாய்க்கு அடங்காது, ஜிலேபிக் குஞ்சு அடங்கும். போன ஐப்பசியில் நாலாயிரம் விரல் குஞ்சு விட்டோம். மேல்தண்ணீரில் மேயும் கட்லா கொஞ்சம் அதிகம், நடுத்தண்ணீர் ரோகுவும் அடிச்சேற்று மிர்காலும் மீதி. கூடவே சின்ன விரால் சில நூறு. பாலித்தீன் பையைப் பிரிக்காமல் குளத்தில் இருபது நிமிஷம் மிதக்க விட்டு, உள்தண்ணீரும் வெளித்தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தோம். முதல் வருஷம் அப்படியே கொட்டினோம். மறுநாள் கரையோரம் வெள்ளையாக மிதந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மாதம் ஒருமுறை வீச்சு வலை போட்டுப் பத்து மீனை நிறுத்துப் பார்த்துத் திரும்ப விடுகிறேன். போன வாரம் கட்லா முக்கால் கிலோவுக்கு மேல். முதுகைப் பாருங்கள்... இருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன்... சதை பிடித்திருக்கிறது பாருங்கள்.

ஊர்க்காரர்களோடு பேசி இரண்டு மூன்று விஷயம் முடிவு செய்திருக்கிறோம். பொடிக்கண் வலை கூடாது. பையன்கள் தூண்டில் போடலாம், ஜிலேபி எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், அது எங்களுக்கு உதவிதான். நீலகிரியில் 1879லேயே வேட்டைக்கும் மீனுக்கும் சேர்த்துச் சட்டம் போட்டிருக்கிறார்கள். எங்களுக்குச் சட்டம் இல்லை, சித்தப்பாவின் குரல்தான். தண்ணீர் விஷயத்தில் எங்களுக்குப் பேச்சே கிடையாது. மடையைத் திறப்பது வயல்காரர் உரிமை. பயிருக்குப் போக மிச்சம்தான் மீனுக்கு. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் பக்கமிருந்து வருகிறதோ என்னவோ, மீன் தின்னும் கூழைக்கடாவும் பங்குக்கு வருகிறது. அதை விரட்ட எனக்கு மனசு வருவதில்லை, சித்தப்பா திட்டுகிறார்.

இன்னொன்று காட்டுகிறேன், மெதுவாக வாருங்கள். அந்தக் கோரைப்புல் ஓரத்தில் செக்கச்செவேலென்று கொதிக்கிற மாதிரி தெரிகிறதா? விரால் குஞ்சுக் கூட்டம். நாங்கள் விட்டது இன்னும் அந்த வயசுக்கு வரவில்லை, இது வெள்ளத்துக்கும் தப்பின பழைய விரால் போட்டது. அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும், மூச்சு விட மட்டும் மேலே வரும். அந்த நேரம் பார்த்துக் குத்துவது பழைய வழக்கம், நானே சின்ன வயசில் செய்திருக்கிறேன். பெரிய மீன் போனால் அந்தக் குஞ்சு அத்தனையும் ஜிலேபிக்கும் கொக்குக்கும்தான். இந்த வருஷம் அந்தப் பக்கம் யாரும் குத்தூசி கொண்டுவரக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை இழுவலை. விடியற்காலையில் போடுவோம், வெயில் ஏறினால் மீன் தாங்காது. எடையை நேரிலேயே காட்டுகிறேன், அந்தப் பெரியவரையும் கூப்பிட்டிருக்கிறேன். சித்தப்பா கை காட்டுகிறார், வலையில் கிழிசல் தைக்கணுமாம். போய்ட்டு வாரேன்.