கிரா பூசந்தி: 44 கிலோமீட்டர் குறுக்கு வழி

[காட்சி: தாய்லாந்து வரைபடம். தெற்கே நீளும் நிலம் மட்டும் நிறம் மாறுகிறது.]

தாய்லாந்து வரைபடத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். யானைத் தலை தெரியும். தும்பிக்கை தெற்கே மலேசியாவை நோக்கித் தொங்கும். அந்தத் தும்பிக்கை ரொம்பவும் மெலிந்துபோகும் இடம்தான் கிரா. மேற்கே அந்தமான் கடல், கிழக்கே தாய்லாந்து வளைகுடா. நடுவில் இருக்கும் நிலம் 44 கிலோமீட்டர்தான்.

இரண்டு கடல்களுக்கு நடுவே இப்படி ஒடுங்கி, இரண்டு பெரிய நிலங்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் துண்டுக்குப் பூசந்தி என்று பெயர். நடந்து போகிறவருக்கு அது பாலம். கப்பலில் வருகிறவருக்கு அது மதில்.

[காட்சி: வங்கக் கடலில் பாய்மரக் கப்பல். காற்றின் திசையைக் காட்டும் அம்புகள்.]

வங்கக் கடலைத் தாண்டிச் சீனா போக வேண்டும் என்றால் தும்பிக்கையைச் சுற்றி, மலாக்கா நீரிணை வழியாகத்தான் போக வேண்டும். பாய்மரக் காலத்தில் இதில் பெரிய தொல்லை தூரமல்ல, காற்று. தென்மேற்குப் பருவக்காற்று கப்பலைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வந்துவிடும். நீரிணைக்குள் நுழைந்தால் காற்று படுத்துவிடும். அடுத்த பருவம் வரும்வரை மாதக்கணக்கில் துறையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

அதனால் சிலர் வேறு கணக்குப் போட்டார்கள். மேற்குக் கரையில் சரக்கை இறக்கு, ஓடம் போகும் வரை ஆற்றில் ஓடம், அதற்கு மேல் நடை, கிழக்குக் கரையில் வேறு கப்பல். சீனாவின் ஹான் வரலாற்று நூல் இப்படி ஒரு பயணத்தைச் சொல்கிறது. கப்பலை விட்டு இறங்கிப் பத்து நாளுக்கு மேல் நடக்கிறார்கள், மறுபடி கப்பல் ஏறி 'ஹுவாங்ஜி' என்ற நாட்டுக்குப் போகிறார்கள். அந்த நடை இந்த நிலத்தின் குறுக்கேதான் என்றும், ஹுவாங்ஜி நம் காஞ்சிதான் என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

[காட்சி: உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் கல், நெருக்கத்தில்.]

இந்தக் கல்லைப் பாருங்கள். கிராவுக்குத் தெற்கே, கிராபி மாகாணத்தில் உள்ள குளோங் தோமில் கிடைத்தது. தங்கத்தை உரசி மாற்றுப் பார்க்கும் உரைகல். அதில் தமிழ் பிராமியில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. காலம் கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. பெரும்பதன், அதாவது பெரும்பத்தன், ஒரு பொற்கொல்லர். கருவி தொலைந்துவிடக் கூடாதே என்று பேரைப் பொறித்து வைத்திருக்கிறார், நாம் டிபன் பாக்ஸில் பெயர் எழுதுவது போல. தொலைந்துதான் போயிருக்கிறது, பாவம்.

மேற்குக் கரையில் தகுவா பா என்ற ஊர் இருக்கிறது. அங்கே கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தைப் பற்றிப் பேசுகிறது. குளத்தின் பெயர் அவனிநாரணம். அது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயரில் இருந்து வந்தது. குளத்தைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவுக்கு. குளம் வெட்டிப் பேர் வைத்து ஆளும் போடுகிறார்கள் என்றால், வந்து போனவர்கள் அல்ல, தங்கியவர்கள்.

[காட்சி: சூயஸ், பனாமா, கிரா அருகருகே.]

சரி, சூயஸை 1869-லும் பனாமாவை 1914-லும் திறந்துவிட்டார்கள். கிராவை மட்டும் ஏன் விட்டார்கள்? யோசனைக்குக் குறைவில்லை. 1677-லேயே அயுத்தியா (அன்றைய தாய்லாந்து) மன்னர் நாராய், பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவரை வைத்துத் தெற்கே கால்வாய்க்கு இடம் பார்க்கச் சொன்னார். 1943-ல் ஜப்பான் ராணுவம் கிழக்குக் கரைச் சும்போனில் இருந்து குறுக்கே 90 கிலோமீட்டர் ரயில் பாதையே போட்டது, மலாயாவில் இருந்து கொண்டுவந்த தொழிலாளர்களின் உயிரைக் கொடுத்து. போருக்குப் பின் அந்தப் பாதை மிஞ்சவில்லை. 1946-ல் தாய்லாந்தோடு போட்ட ஒப்பந்தத்தில், தன் அனுமதி இல்லாமல் கால்வாய் வெட்டக் கூடாது என்று பிரிட்டன் எழுதி வாங்கிக்கொண்டது. மலாக்கா வழியில் இருக்கும் சிங்கப்பூர் துறைமுகம் அப்போது அதன் கையில் இருந்தது அல்லவா!

ஆனால் என் பார்வையில், கிராவைத் தடுத்தது அரசியலை விடக் கணக்குதான். பனாமா வழியாக நியூயார்க்கில் இருந்து சான்ஃபிரான்சிஸ்கோ போனால் சுமார் 13,000 கிலோமீட்டர் மிச்சம். கிராவில் மிச்சமாவது சுமார் 1,200. இன்றைய கப்பலுக்கு இரண்டு மூன்று நாள். நிலம் எவ்வளவு ஒடுக்கம் என்பதை விட, சுற்று எவ்வளவு நீளம் என்பதுதான் பூசந்தியின் விலை.

[காட்சி: ரனோங் கரை. கன்டெய்னர் கப்பலின் அசைவூட்டம்.]

இப்போது தாய்லாந்து அரசு பேசுவது கால்வாய் அல்ல, தரைப்பாலம். மேற்குக் கரையில் ரனோங்கில் ஒரு துறைமுகம், கிழக்குக் கரையில் சும்போனில் ஒரு துறைமுகம், நடுவில் சுமார் 90 கிலோமீட்டருக்குச் சாலையும் ரயிலும். செலவு தாய்லாந்துப் பணத்தில் சுமார் ஒரு லட்சம் கோடி பாட். இறக்கு, கொண்டுபோ, ஏற்று என்ற அதே பழைய வேலைதான். ஆனால் அன்றைக்கு மிச்சமானது மாதங்கள், சுமை சில மூட்டைகள். இன்றைக்குப் பெரிய கப்பலில் 20,000 பெட்டிகள் வரை வரும். ஒரு ரயிலுக்கு 100 பெட்டி என்று தாராளமாக வைத்தாலும், ஒரே கப்பலுக்கு 200 ரயில். கடைசிப் பெட்டி கிழக்குக் கரையில் ஏறுவதற்குள், சுற்றிப் போன கப்பல் சிங்கப்பூரைத் தாண்டியிருக்கும்.