முதல் பணம் தரவுக்கே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தாமதமாக வந்தவர்களுக்காகத் தலைப்பை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சிக்காக ஒரு நாடு செய்யும் டிஜிட்டல் முதலீட்டில் முதல் பணம் போக வேண்டியது கணினி எந்திரங்களுக்கா, தரவுக்கா? எந்திரத்துக்கே என்று பேசிவிட்டு உட்கார்ந்த சகோதரர் நன்றாகவே கைதட்டல் வாங்கினார். கணினி வேகத்தின் அளவான எக்ஸாஃப்ளாப் என்ற சொல்லை அவர் சொன்ன தோரணையிலேயே பாதிப் பேர் மயங்கிவிட்டீர்கள். நான் பேச வந்திருப்பதோ கோப்பு, அட்டவணை, அவற்றைப் பார்த்துக்கொள்கிறவர்களின் சம்பளம். கைதட்டல் குறைவாகத்தான் வரும், பரவாயில்லை.

"சாலையைப் போடுங்கள், வண்டி தானாக வரும்" என்றார் சகோதரர். சரி, அவருடைய சாலையிலேயே கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ரோட்ரன்னர் என்று ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் இருந்தது. 2008-ல் பெட்டாஃப்ளாப் வேகத்தை, அதாவது நொடிக்கு 10 கோடி கோடி கணக்குகளை, உலகிலேயே முதலில் எட்டியது அதுதான். செலவு 10 கோடி டாலருக்கு மேல். 2013 மார்ச்சில் அதை அணைத்துவிட்டார்கள். பழுதாகிவிட்டதா என்றால் இல்லை. அதே வேலையைக் குறைந்த மின்சாரத்தில் செய்ய வேறு எந்திரங்கள் வந்துவிட்டன. ஐந்தே வருடம்! ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பெயர்த்தெடுத்துப் புதிதாகப் போட வேண்டிய சாலைக்கு முதல் பணத்தைக் கொட்டச் சொல்கிறார் சகோதரர்.

தரவின் ஆயுளைப் பாருங்கள். புரதங்களின் முப்பரிமாண அமைப்புகளைச் சேர்த்துவைக்க, புரோட்டீன் டேட்டா பேங்க் என்ற பொதுக் களஞ்சியத்தை 1971-ல் தொடங்கினார்கள். அன்று அதில் இருந்தவை 7 அமைப்புகள். ஏழுக்கு எதற்கு ஒரு வங்கி என்று நம் எதிரணி அன்றே கேட்டிருக்கும். ஆனால் அதை நடத்தியவர்கள் வருகிற ஒவ்வொன்றையும் சரிபார்த்து, ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, யார் கேட்டாலும் இலவசமாகக் கொடுத்தார்கள். அரை நூற்றாண்டில் அது ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. அதை வைத்துத்தான் ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் புரதம் எப்படி மடியும் என்று கணிக்கக் கற்றுக்கொண்டது. 2024-ல் வேதியியல் நோபல் பரிசில் பாதி அதற்காகக் கிடைத்தது. "அதற்கும் கணினிதானே வேண்டியிருந்தது" என்று எதிரணியில் முணுமுணுப்பது கேட்கிறது. வேண்டியிருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நிரலைப் பயிற்றுவிக்கக் கணினிகள் ஓடியது சில வாரங்கள். தரவு சேர்ந்தது ஐம்பது வருடங்கள். இந்த இரண்டில் எதை அவசரத்துக்குக் கடைசி நேரத்தில் வாங்க முடியும், நடுவர் அவர்களே?

எதிரணிச் சகோதரி வேறு ஒன்று சொன்னார். "தரவுக்கு எதற்குத் தனி முதலீடு? ஹார்ட் டிஸ்கில் போட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும்" என்றார். கிடக்காது, சகோதரி. 516 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு அடிப்படையான தரவு இன்னும் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார்கள். கட்டுரை வெளிவந்த பிறகு ஒவ்வொரு வருடம் கழியும்போதும் தரவு கிடைக்கும் வாய்ப்பு 17 சதவீதம் குறைந்துகொண்டே போனது. மின்னஞ்சல் முகவரி செத்துப்போயிருக்கும், அல்லது தரவு இருக்கும் வட்டைப் படிக்கும் கருவி இருக்காது. அதெல்லாம் சின்ன ஆய்வாளர்களின் கதை என்று தள்ள வேண்டாம். அப்போலோ 11-ல் மனிதன் நிலவில் இறங்கிய காட்சியின் மூல ஒளிப்பதிவு நாடாக்களை, நாடாப் பற்றாக்குறையால் அழித்து மறுபடி பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று 2009-ல் நாசாவே சொன்னது. அந்த நிறுவனத்திடம் கணினிக்கா பஞ்சம்?

இருக்கும் தரவும் ஆள் பார்க்காவிட்டால் கெடும். மரபணு ஒன்றுக்கு எஸ்இபிடி1 (SEPT1) என்று பெயர் இருந்தது. அதை எக்ஸெல் அட்டவணையில் தட்டினால், எக்ஸெல் அதைச் செப்டம்பர் 1 என்று தேதியாக மாற்றிவிடும். எக்ஸெல் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்த வகைப் பிழை இருப்பதாக 2016-ல் கண்டுபிடித்தார்கள். கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? எக்ஸெலைத் திருத்த முடியாமல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள்! எத்தனை எக்ஸாஃப்ளாப் இருந்தாலும் தப்பான பட்டியலைக் கொடுத்தால் தப்பான விடைதான் வரும், இன்னும் வேகமாக வரும்.

இனி காசு விஷயம். லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படமெடுத்து வருகின்றன. ஒரு காலத்தில் ஒரு படத்துக்கு 600 டாலர் வரை விலை வைத்திருந்தார்கள். மிக அதிகமாக விற்ற வருடத்திலேயே ஏறக்குறைய 25,000 படங்கள்தான் போயின. 2008-ல் எல்லாவற்றையும் இலவசமாக்கினார்கள். அதற்குப் பிறகு ஒரே வருடத்தில் 10 லட்சத்துக்கு மேல் தரவிறக்கினார்கள். புதிதாக எந்தச் செயற்கைக்கோளும் போகவில்லை, கொள்கை ஒன்றுதான் மாறியது. உலகம் முழுவதும் காடு எங்கே அழிந்தது, எங்கே வளர்ந்தது என்று 2013-ல் ஒரு வரைபடம் வெளிவந்தது. அதற்கு எடுத்துக்கொண்டவை ஏறத்தாழ 6.5 லட்சம் லேண்ட்சாட் படங்கள். பழைய விலையில் கணக்குப் போட்டுப் பாருங்கள், 39 கோடி டாலர். எந்த ஆய்வுக் குழு அந்தக் காசோலையில் கையெழுத்துப் போட்டிருக்கும்? கணக்கிட்ட கணினிகளோ கூகுளுடையவை. இதைத்தான் நான் எதிரணிக்குச் சொல்ல வந்தேன். கணக்கிடும் திறனை வாடகைக்கு எடுக்கலாம், கூட்டாளியிடம் கேட்டு வாங்கலாம். ஹவாயின் மௌனா லோவாவில் 1958 முதல் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளந்து வருகிறார்கள். 1964-ல் நிதியை வெட்டியதால் சில மாதங்கள் அளவீடு நின்றுபோனது. வரைபடத்தில் அந்த இடம் இன்றைக்கும் வெற்றிடம்தான். 1964-ன் காற்றை யாரிடம் போய் வாடகைக்கு எடுப்பது?

ஒரு நியாயத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கணினி நேரம் கிடைக்காமல் இளம் ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள் என்று சகோதரர் வருத்தப்பட்டார். உண்மையான வருத்தம் அது. ஆனால் வரிசை பெரிய எந்திரத்தால் மட்டும் குறைவதில்லை. நிரலைச் சீராக எழுதித்தரும் பொறியாளர்கள் இருந்தால், இருக்கிற எந்திரத்திலேயே இன்னும் பல வேலைகள் ஓடும். அவர்களுக்குத்தான் பல இடங்களில் நிரந்தரப் பதவி கிடையாது. திட்டம் முடிந்ததும் ஆளும் போய்விடுவார், அவரோடு அந்தத் தரவுக்கு என்ன பொருள் என்ற விவரமும் போய்விடும்.

இங்கிலாந்து நோயாளிகளின் தரவை ஒரே இடத்தில் சேர்க்கும் கேர்.டேட்டா திட்டத்தை 2013-ல் ஆரம்பித்தது. சர்வர் இருந்தது, பணம் இருந்தது. யாருக்குக் கொடுப்பீர்கள், எங்களிடம் கேட்டீர்களா என்று மக்கள் கேட்டபோது தெளிவான பதில் இல்லை. 2016-ல் திட்டத்தையே மூடிவிட்டார்கள். ஒப்புதல் வாங்குவதும், அடையாளத்தை நீக்குவதும், யார் எதைப் பார்க்கலாம் என்று விதி வகுப்பதும் முதலீட்டுப் பட்டியலில் முதலில் வர வேண்டிய வேலைகள். இதற்கெல்லாம் ரிப்பன் வெட்ட முடியாது. அதனால்தான் பட்டியலின் கடைசிக்குப் போய்விடுகிறது என்பது என் சந்தேகம்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி, அடுத்து வருகிறவர் பதில் சொல்லட்டும். நீங்கள் வாங்கச் சொல்லும் எந்திரத்தின் திட்ட அறிக்கையில், அதில் உருவாகும் தரவைப் பத்து வருடம் பார்த்துக்கொள்ளும் ஆட்களின் சம்பளம் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது? பக்க எண்ணைச் சொல்லிவிட்டால் என் வாதத்தில் பாதியை இப்போதே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.