குத்தூசியில் வந்த ஒரு பிடி நெல்

நேயர்களுக்கு வணக்கம். நோய் எதிர்ப்பைப் பற்றிப் பேசும்படி கேட்டு, நிலையத்தார் எனக்குப் பத்து நிமிடங்கள் தந்திருக்கிறார்கள். நோய் எதிர்ப்பு என்றதும் தடுப்பூசியும், கிருமியைப் பற்றிப்பிடிக்கும் குருதிப் புரதமான பிறபொருளெதிரியும் உங்கள் நினைவுக்கு வரும். நானோ நோய் எதிர்ப்பை ஆராயும் நிர்ப்பீடனவியல் கற்பித்த காலமெல்லாம் கலங்களுக்குள்ளே, அதாவது உயிரணுக்களுக்குள்ளே, புரதங்கள் உடைபடும் விதத்தையே பெரிதாக எண்ணி வந்தவன். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் என் பழைய மாணவர்கள், "சேர் மறுபடியும் தொடங்கிவிட்டார்" என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

முதலில் மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போவோம். பெரும்போக அறுவடை முடிந்து எங்கள் முற்றத்தில் மூடைகள் அடுக்கப்பட்டதும், நெல் வியாபாரி ஒருவர் குருமண்வெளியில் பாதை என்னும் மிதவையில் ஏறி, வாவியைக் கடந்து மண்டூருக்கு வருவார். அவர் எந்த மூடையையும் அவிழ்க்கச் சொன்னதில்லை. இடுப்பிலிருந்து குத்தூசியை எடுப்பார். கூரான முனையும் நடுவே ஓடும் குழிவும் கொண்ட அந்த இரும்பைச் சாக்கின் இழைகளுக்கிடையே செருகி இழுத்தால், குழிவு வழியே ஒரு பிடி நெல் அவருடைய உள்ளங்கையில் வந்து விழும். அதில் ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார். 'டக்' என்று முறிந்தால் காய்ந்த நெல், நசுங்கினால் ஈர நெல். பிறகு சாக்கில் விழுந்த ஓட்டையை விரலால் தேய்த்து மூடிவிடுவார். ஓராண்டு, ஈரத்தரையில் கிடந்த ஒரேயொரு மூடையில் நெல் நசுங்கிவிட, அதைக் காட்டியே அத்தனை மூடைக்கும் விலையைக் குறைத்துவிட்டார். "ஒரு புடி நெல்லப் பாத்து எல்லாத்தையும் மதிச்சுப்போட்டான் பாரு மகன்" என்று அப்பா அன்றிரவு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு அது அநியாயம். எனக்கோ பிற்காலத்தில் அதுவே பாடமாயிற்று.

நம் உடலிலும் ஏறத்தாழ இதுதான் நடக்கிறது. வைரசு ஒரு கலத்துக்குள் புகுந்துவிட்டால், கொல்லும் நிணநீர்க்குழியம் என்னும் காவல்கார வெண்குழியத்தால் கலத்தைத் திறந்து பார்க்க இயலாது. ஆகவே கருவுள்ள கலங்கள் யாவும் தமக்குள்ளே உள்ள புரதங்களை உடைத்து, புரதத்தின் கட்டுக்கற்களான அமினோவமிலங்கள் எட்டு முதல் பத்து கொண்ட துண்டுகளாகத் தம் மேற்பரப்பில் ஏந்திக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. துண்டு நம்முடையதானால் காவலன் கடந்து போவான். அந்நியமானதானால் கலத்தோடு அழித்துவிடுவான். காவலன் வைரசை மட்டும் தனியே பார்ப்பதில்லை, உடலின் சொந்த அடையாளத்தோடு சேர்த்தே பார்க்கிறான் என்பதை 1974இல் கன்பராவில் பீட்டர் டொஹேர்ட்டியும் ரொல்ஃப் சிங்கர்னாகலும் காட்டினார்கள். அதற்கான நோபல் பரிசு 1996இல் கிடைத்தது.

அப்படியானால் அந்த ஒரு பிடியை எடுத்துக் கொடுப்பது யார்? 1955இல் கிறிஸ்தியன் டி டூவ், கலத்துக்குள்ளே நொதியம் நிறைந்த பையான இலைசோசோமைக் கண்டறிந்த பின்னர், கலத்தின் குப்பைக்குழி அதுவே என்று பலரும் இருந்துவிட்டார்கள். ஆனால் முதிராத செங்குழியத்தில் இலைசோசோம் இல்லை. இருந்தும் அதில் பழுதான புரதங்கள் உடைபடுகின்றன, அதற்குச் சக்தியும் செலவாகிறது என்பதை 1977இல் ஹார்வர்டில் அல்ஃப்ரெட் கோல்ட்பேர்க்கின் ஆய்வுக்கூடம் முயலின் குருதியைக் கொண்டு காட்டியது. இங்கே சற்று நில்லுங்கள். சுவரைக் கட்டக் கூலி வேண்டும், சரி. இடிந்து விழுவதற்கு எதற்குக் கூலி? நாம் உண்ட மீனின் புரதத்தை வயிற்று நொதியம் சும்மாதானே உடைக்கிறது! எதை இடிப்பது, எதை விடுவது என்று தெரிந்து இடிப்பதற்குத்தான் அந்தக் கூலி.

ஹைஃபாவில் அவ்ராம் ஹெர்ஷ்கோவும் அவருடைய மாணவர் ஆரோன் சிச்சனோவரும் அதே முயல் குருதிச் சாற்றை இரு கூறாகப் பிரித்தார்கள். தனித்தனியே எந்தக் கூறும் புரதத்தை உடைக்கவில்லை, சேர்த்ததும் உடைத்தன. ஒரு கூறிலிருந்த குருதிச் செம்பொருளை நீக்குவதற்காக அதைக் கொதிக்கவைத்தார்கள். பெரும்பாலான புரதங்கள் அவித்த முட்டை போல் இறுகிவிடும். அவர்கள் தேடிய சிறு புரதமோ கொதித்த பின்னும் அசையாமல் இருந்தது. அதுவே யூபிக்விட்டின், 76 அமினோவமிலங்கள் கொண்டது. அழிக்கவேண்டிய புரதத்தின் மேல் இது சங்கிலியாகக் கோர்க்கப்படும். அந்தக் குறியைக் கண்டு புரோட்டியாசோம் என்னும் பீப்பாய் வடிவ ஆலை அதை உள்ளிழுத்து வெட்டும். கட்டாயம் சொல்லவேண்டிய வேடிக்கை ஒன்று: இதே யூபிக்விட்டினை 1975இலேயே நிணநீர்க்குழியங்கள் முதிரும் இடமான தைமசுச் சுரப்பியை ஒரு கன்றிலிருந்து எடுத்து, அதிலிருந்து பிரித்தெடுத்தவர்கள் நிர்ப்பீடனத்தை ஆராய்ந்தவர்கள்தாம். அதைத் தைமசின் ஓமோன் என்று நினைத்தார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோம் நாங்கள். ஹெர்ஷ்கோ, சிச்சனோவர், அவர்களோடு உழைத்த ஏர்வின் ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

மீண்டும் நம் மூடைக்கு வருவோம். 1994இல் கெனத் ரொக்கும் கோல்ட்பேர்க்கும் சேர்ந்து, புரோட்டியாசோமைத் தடுத்தால் கலத்தின் மேற்பரப்புக்கு வரும் துண்டுகளும் குறைந்துபோகின்றன என்று காட்டினார்கள். அதாவது குத்தூசி இதுதான். சில வைரசுகள் இந்தக் குத்தூசியையே மறித்துவிடுகின்றன. அக்கி தரும் ஹெர்பிசு வைரசு, துண்டுகள் மேற்பரப்புக்குப் போகும் வழியை அடைக்கிறது. ஆனால் குத்தவிடாத மூடையின் மேல் வியாபாரிக்குச் சந்தேகம் வராதா? இயற்கைக் கொல்லிக் கலங்கள் என்னும் வேறு காவலர்களுக்கும், துண்டு காட்டாத கலத்தின் மேல் அப்படியே சந்தேகம் வரும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். புற்றுநோய் மருந்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன். அளவுகடந்து பிறபொருளெதிரிப் புரதத்தை உற்பத்திசெய்யும் பல்சோற்றுப்புற்று என்னும் எலும்புமச்சைப் புற்றுநோய்க்கு, புரோட்டியாசோமைத் தடுக்கும் போர்த்தெசொமிப் என்னும் மருந்தை 2003இல் அமெரிக்கா அனுமதித்தது, ஏனெனில் தன் பழுதான புரதங்களை அகற்றமுடியாத கலம் அவற்றாலேயே மூச்சுத்திணறி மடிகிறது. வணக்கம்.