வாக்கர் எங்கே நடந்தார்?

நண்பர்களே,

ஜானி வாக்கர் புட்டியைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. தூக்கினால் வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உயரமான தொப்பி, சிவப்புக் கோட்டு, கையில் பிரம்பு, எட்டி நடை போடும் ஒரு கனவான். 1908-ல் டாம் பிரவுன் என்ற கேலிச்சித்திரக்காரர் வரைந்த உருவம் அது. வாக்கர் என்றால் நடப்பவர்தானே என்று நடக்க விட்டுவிட்டார். சரக்கு விற்க அது போதும். ஆனால் அந்தக் குடும்பப் பெயரை முதன்முதலில் சுமந்தவர்கள் யாரும் இப்படி உலாப் போனவர்கள் அல்லர். மூத்திரத் தொட்டிக்குள் நின்று கம்பளித் துணியை மிதித்தவர்கள்.

மேடைக்கு அந்தச் சொல் பொருந்தாது என்று நினைப்பவர்கள் சிறுநீர் என்று வைத்துக்கொள்ளலாம். நாற்றம் குறையாது.

தறியிலிருந்து அறுத்தெடுத்த கம்பளித் துணி அப்படியே உடுத்தத் தக்கதல்ல. ஆட்டின் உடம்புக் கொழுப்பு அதில் மிச்சமிருக்கும். நூற்பதற்கு முன் மயிரில் தடவிய எண்ணெயும் இருக்கும். இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்டுப் புளித்த சிறுநீரை ஊற்றுவார்கள். அதிலுள்ள அம்மோனியா கொழுப்பைக் கரைத்துக் கழற்றிவிடும். அடுத்து ஒரு வகைக் களிமண். நம் வீடுகளில் முகத்துக்குப் பூசும் முல்தானி மிட்டி இருக்கிறதே, அதே இனத்து மண்தான். இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்து நட்ஃபீல்டு பக்கம் அதை வெட்டி எடுத்தார்கள். மண்ணும் தண்ணீருமாகத் துணியை மணிக்கணக்கில் மிதிக்க வேண்டும். கம்பளி மயிரின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. ஈரமும் மிதியும் சேரச் சேர அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். துணி சுருங்கும், தடிக்கும். நன்றாக மிதிபட்ட துணியில் ஊடை எது, பாவு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. குளிர்காற்றும் சாரலும் எளிதில் உள்ளே இறங்கா. பிறகு அலசி, வெளியில் மரச்சட்டங்களில் வரிசையாக அடித்த கொக்கி ஆணிகளில் மாட்டி, விறைப்பாக இழுத்துக் காய வைப்பார்கள்.

இந்த ஒரே வேலைக்கு இங்கிலாந்தில் மூன்று பெயர்கள். தென்கிழக்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர். டெவன், சாமர்செட் முதலான தென்மேற்கில் டக்கர். மத்தியப் பகுதியிலிருந்து வடக்கே யார்க்ஷயர், லங்காஷயர் கடந்து ஸ்காட்லாந்து வரை வாக்கர். ஃபுல்லர் லத்தீன் வழி வந்தது. டக்கர் என்பதற்கு மூலமான பழைய ஆங்கில வினைக்கு வதைத்தல் என்று பொருள். துணியின் கண்ணோட்டத்தில் இதுதான் மிகச் சரியான பெயர் என்பேன். வாக்கருக்கு மூலமான வினையோ முதலில் நடப்பதையே குறிக்கவில்லை. உருட்டுதல், புரட்டுதல் என்பதுதான் பழைய பொருள். நடப்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. துணி மேல் நடந்ததால்தான் வாக்கர் என்று பல புத்தகங்களில் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். முழுப் பொய் இல்லை. ஆனால் கதை அவ்வளவு நேரானதும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டு மக்கள்தொகைக் கணக்கிலும் இந்த மூன்று பெயர்களும் பெரும்பாலும் தத்தம் பழைய வட்டாரங்களிலேயே குவிந்து கிடந்தன. ரயில் வந்து, ஆலைகள் வந்து, ஊர் ஊராக மக்கள் இடம்பெயர்ந்த பிறகும் இந்த நிலை!

தொழில் எப்படிப் பெயராக ஒட்டியது? 1066-ல் பிரான்சிலிருந்து நார்மானியர் படையெடுத்து வந்தபோது குடியானவர்களுக்குப் பரம்பரைப் பெயர் கிடையாது. ஜான், வில்லியம், ராபர்ட் என்று நாலைந்து பெயர்களையே ஊரெல்லாம் வைத்துக்கொண்டால், நிலக் கணக்கிலும் நீதிமன்ற ஏட்டிலும் எந்த ஜான் என்று எழுதுவது? அப்பன் பெயர், வீடிருக்கும் இடம், உடம்பின் நிறம், செய்யும் தொழில் இவற்றில் ஏதோ ஒன்றைச் சேர்த்தார்கள். 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் அது பிள்ளைகளுக்கும் இறங்கியது. தெற்கில் முந்தி, வடக்கில் பிந்தி. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஊரில் பெரும்பாலோர் உழவர்கள். ஆனால் உழவர் என்ற பெயரால் யாரையும் அடையாளம் காட்ட முடியாது. ஊருக்கு ஒரு கொல்லன், ஒரு மாவு ஆலைக்காரன், ஒரு துணி மிதிப்பவன் என்று இருந்தவர்களுக்குத்தான் தொழிற்பெயர் பயன்பட்டது. இன்று அமெரிக்காவில் 24 லட்சம் ஸ்மித்துகள் இருப்பதற்கும் அடிப்படை இதுதான். எண்ணிக்கையில் சிறுபான்மையாக இருந்ததால் கிடைத்த பெயர், இன்று எண்ணிக்கையில் முதலிடம்.

இதைச் சாதிப் பெயரோடு சேர்த்துப் பார்க்க உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியதுதான், ஆனால் ஒப்பீடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் 1377, 1379, 1381 என்று மூன்று முறை ஆள் கணக்கில் தலைவரி வாங்கினார்கள். அந்தப் பட்டியல்களிலேயே பெயர் ஒரு தொழிலும் பிழைப்பு வேறொரு தொழிலுமாக ஆட்கள் தென்படுகிறார்கள். ஓரிரு தலைமுறையில் வேலை கழன்று பெயர் மட்டும் நின்றுவிட்டது. மாற்றாதே என்று மறிக்க யாரும் இல்லை. அந்த 1381 வரியை எதிர்த்துக் கிளம்பிய பெருங்கலகத்தின் தலைவன் வாட் டைலர். டைலர் என்றால் ஓடு வேய்பவர்.

கலகம் என்றதும் செயின்ட் ஆல்பன்ஸ் ஊருக்குப் போக வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் மிதி ஆலை இங்கிலாந்துக்கு வந்துவிட்டது. 1185-ல் டெம்ப்ளர் என்ற போர்வீரத் துறவிகள் எடுத்த சொத்துக் கணக்கிலேயே யார்க்ஷயரில் ஒன்றும் கிளாஸ்டர்ஷயரில் ஒன்றும் பதிவாகியிருக்கின்றன. சக்கரத்தின் அச்சு சுழலும்போது கனத்த மரச் சுத்திகள் மாறி மாறி உயர்ந்து தொட்டியிலுள்ள துணியின் மேல் விழும். கால்களுக்கு விடுதலை. ஆனால் ஆலை வைத்தவர் பண்ணையார் அல்லது மடாதிபதி. துணியை என் ஆலைக்குத்தான் கொண்டுவர வேண்டும், கூலியும் தர வேண்டும் என்றார்கள். செயின்ட் ஆல்பன்ஸ் மக்கள் வீட்டிலேயே மிதித்துக்கொள்வோம் என்றார்கள். 1274-ல் தகராறு முற்றியது. ராணி எலினார் அந்த வழியே வந்தபோது ஊர்ப் பெண்கள் திரண்டு போய் முறையிட்டார்கள். வழக்கு அரச நீதிமன்றம் வரை போய், ஊர் தோற்றது. சண்டை அதோடு ஓயவில்லை. மாவையும் மடத்து ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்று, 1331-ல் மடாதிபதி ஊரார் வீடுகளில் இருந்த திருகைக் கற்களைப் பிடுங்கிவந்து மடத்துக்குத் தளமாகப் பாவினார். அதே 1381-ல் கலகக்காரர்கள் உள்ளே புகுந்து அந்தத் தளத்தைப் பெயர்த்து, கல்லை உடைத்து ஆளுக்கொரு துண்டாக எடுத்துப் போனார்கள்.

ஆலை வந்த பிறகும் வடக்கே அதற்கு வாக் மில் என்றே பெயர். அதை நடத்தியவரும் வாக்கர்தான். ஆகவே வாக்கர் வம்சத்தில் எத்தனை பேர் உண்மையில் காலால் மிதித்தவர்களின் வழி, எத்தனை பேர் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றவர்களின் வழி என்று பிரிக்க வழியில்லை.

மூன்றில் வாக்கர் மட்டும் ஏன் இப்படிப் பெருகியது? பிரிட்டனில் முதல் 25 பெயர்களுக்குள் வருகிறது. மற்ற இரண்டும் வெகுதூரம் பின்னால். என் கணிப்பில் முதல் காரணம் பரப்பு. நாட்டின் பாதிக்கு மேல் வாக்கர் வட்டாரம். ஸ்காட்லாந்தில், துணி மிதிப்பவன் மகன் என்று பொருள்படும் கெய்லிக் பெயர் வைத்திருந்தவர்களும் ஆங்கிலத்துக்கு மாறியபோது வாக்கர் ஆனார்கள். அடுத்து, தொழிற்புரட்சியில் ஜனத்தொகை கொழித்தது யார்க்ஷயரும் லங்காஷயரும்தான். டெவனில் பழைய துணித் தொழில் நலிந்தது. எக்ஸிடர் நகரில் நெசவாளரும் துணி மிதிப்போரும் சேர்ந்து 1471-ல் கட்டிய டக்கர்ஸ் ஹால் இன்றும் நிற்கிறது. போனால் அதன் மரக் கூரையை அண்ணாந்து பாருங்கள்.

கடல் கடந்தவர்கள் கதை வேறு. அமெரிக்காவில் அடிமைத் தளையிலிருந்து வந்த குடும்பங்களிலும் வாக்கர்கள் ஏராளம். தலைமுடித் தைலம் விற்றுப் பெரும் செல்வம் சேர்த்த கறுப்பினப் பெண்மணி மேடம் சி. ஜே. வாக்கர், 1867-ல் லூசியானாவில் பிறந்தபோது சாரா பிரீட்லவ். வாக்கர் என்பது கணவர் சார்லஸ் ஜோசப் வாக்கர் வழி வந்தது. யார்க்ஷயர் தொட்டிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? பெயர் மட்டுந்தான்.

தொட்டிக்கே திரும்புவோம். அந்த மரச் சுத்திகள் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் அடித்துக்கொண்டிருந்தன. 1833-ல் டிரோபிரிட்ஜ் ஊரில் ஒருவர், துணியை உருளைகளுக்கு நடுவே செலுத்திச் செறிவாக்கும் சுழல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். சுத்திகளின் காலம் முடியத் தொடங்கியது அப்போதுதான். அவர் வாக்கரும் அல்லர், டக்கரும் அல்லர், ஃபுல்லரும் அல்லர். பெயர் ஜான் டையர். டையர் என்றால் சாயம் தோய்ப்பவர்.