இருபது மீட்டருக்கு அந்தப் பக்கம் என் வகுப்பு

வணக்கம் மக்களே. ஏற்காடு அடிவாரத்தில் இரண்டு நாளாக மழை, மேலே தகரக் கூரை வேறு, சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். தட்டுவடை செட் வீடியோ எங்கே என்று தினமும் கேட்கிறீர்கள், அடுத்த வாரம் கட்டாயம் வரும். இன்றைக்கு வேறு கதை. இதை யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

செவ்வாய்க்கிழமை என் மாணவர்களுக்கு மெய்நிகர் உலகத்துக்குள் வகுப்பு எடுத்தேன். தலையில் கண்ணாடி மாட்டிக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை, அதை மாட்டினால் எனக்குப் பத்து நிமிடத்தில் குமட்டும், பழைய வீடியோவில் பார்த்துச் சிரித்தீர்களே. இது சாதாரணக் கணினியிலேயே ஓடுவது. 2003-ல் வந்த செகண்ட் லைஃப் நினைவிருக்கிறதா, நமக்கென்று ஒரு பொம்மை உருவம், அது நடக்கும், பறக்கும். அதே மாதிரி நம் சொந்தக் கணினியில் இலவசமாக நடத்திக்கொள்ள ஓபன்சிமுலேட்டர் என்று ஒன்று உண்டு. நான் எடுத்துக்கொண்டது அதைத்தான். உள்ளே போக ஃபயர்ஸ்டார்ம் என்ற மென்பொருள். "சார் வீடியோ கேம் விளையாடுகிறார்" என்று போன தடவை கமெண்ட் போட்ட தம்பிக்கு ஒரு செய்தி: 2006-லேயே ஹார்வர்டு சட்டக் கல்லூரி செகண்ட் லைஃபில் பாடம் நடத்தியிருக்கிறது. நான் இருபது வருடம் தாமதம், அவ்வளவுதான்.

பாடம் என்னவென்றால் நம் வெள்ளைக்கல். மேக்னசைட். ஊருக்கு வடக்கே அந்த வெள்ளைக் குவியல்களைப் பார்க்காத சேலத்துக்காரர் உண்டா? வெள்ளைக்காரன் 'சாக் ஹில்ஸ்', அதாவது சீமைச் சுண்ணாம்புக் குன்று என்று பெயர் வைத்துவிட்டுப் போனான், அங்கே சீமைச் சுண்ணாம்பும் இல்லை ஒன்றும் இல்லை. டூனைட் என்கிற கரும்பச்சைப் பாறை சிதைந்து, அதன் வெடிப்புகளில் வெள்ளை நரம்பு நரம்பாக உட்கார்ந்திருப்பதுதான் மேக்னசைட். சுட்டெடுத்தால் எஃகு உலைக்கு உள்பக்கம் பதிக்கிற சூடு தாங்கும் செங்கல்லுக்குப் போகும். இதைக் கரும்பலகையில் வரைந்தால் பிள்ளைகள் தூங்குகிறார்கள். சுரங்கத்துக்குள் நாற்பது பேரைக் கூட்டிப்போக அனுமதி வாங்குவதற்குள் அவர்கள் பட்டம் வாங்கிவிடுவார்கள். சரி, நாமே ஒரு மலையைக் கட்டுவோம் என்று இறங்கினேன்.

அந்த மெய்நிகர் உலகத்தில் ஒரு மனை 256 மீட்டருக்கு 256 மீட்டர். செயற்கைக்கோள் உயரத் தரவில் முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும், அப்படியே போட்டால் மனைக்குக் குறுக்கே எட்டு ஒன்பது புள்ளி வரும், அதை வைத்து மலை என்ன, மேடுகூடத் தேறாது. அதனால் பத்துக்கு ஒன்றாகச் சுருக்கினேன், இரண்டரை கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. ஆனால் உயரமும் பத்தில் ஒன்றாகிவிட்டதை நான் கவனிக்கவில்லை. ஒத்திகை பார்க்க வந்த பையன், "சார், இது கரடா இட்லியா?" என்கிறான். உயரத்தை மட்டும் மறுபடி இழுத்துவிட இரண்டு ராத்திரி போயிற்று.

ஓ, ஹெட்செட்டை மறந்துவிட்டேன்! பழசின் மைக் செத்துவிட்டது என்று சொன்னேனே. ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் 850 சொன்னார், நான் 600 கேட்டேன், அவர் சிரித்தார், நான் வண்டியைக் கிளப்பினேன், கூப்பிட்டார், 700. பெரிய வெற்றி என்று ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வயரின் நீளம் ஒரு முழம்! கணினிக்கு முத்தம் கொடுத்தபடிதான் பேச வேண்டும். மறுநாள் 90 ரூபாய்க்கு நீட்டிப்பு வயர். ஆக 790. 850-க்கு அவர் முதலில் காட்டியது நீள வயர் வைத்தது. 60 ரூபாய்க்காக இரண்டு தடவை ஐந்து ரோடு டிராஃபிக். என் மனைவி இன்னும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

சரி, வகுப்பு. கல்லூரி கணினி அறையில் பதினெட்டுப் பேர், நான் வீட்டில். என் குரல் தனியாக இணைய அழைப்பில் அந்த அறை ஸ்பீக்கருக்குப் போகிறது, அவர்கள் கேள்வியை உள்ளேயே தட்டச்சு செய்ய வேண்டும், இதுதான் ஏற்பாடு. என் மலையில் வெட்டி வைத்த சுரங்கக் குழியைச் சுற்றி நிற்கச் சொன்னேன். நரம்பு எப்படி உருவானது என்று உற்சாகமாகப் பேசுகிறேன், பேசுகிறேன், ஒரு கேள்விகூட வரவில்லை. பதினைந்து நிமிடம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டுக் கட்டியிருக்கிறேன், உங்களுக்கெல்லாம் வாயே இல்லையா என்று நன்றாகத் திட்டிவிட்டேன். அப்போது ஒரு பெண்ணின் பொம்மை அரக்கப் பரக்கப் பறந்து வந்து என் மூக்குக்கு முன்னால் இறங்கியது. "சார் நாங்க அப்போல இருந்து கேட்டுட்டே இருக்கோம்."

மக்களே, அந்த உலகத்தில் சாதாரணமாகத் தட்டச்சு செய்வது இருபது மீட்டருக்குத்தான் போகும்! நான் குழிக்கு இந்தக் கரை, அவர்கள் அந்தக் கரை. நடுவில் நாற்பது மீட்டர். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு என்டர் தட்டினால் அது கத்துவதாகக் கணக்கு, நூறு மீட்டர் போகும். இதைப் படிக்காமல் போனது முழுக்க என் தப்பு. பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டேன். கத்தும் வழியையும் சொல்லிக்கொடுத்தேன், அது அடுத்த தப்பு, உடனே பதினெட்டுப் பேரும் கத்தினார்கள், "கேன்டீன்ல பஜ்ஜி போட்டாச்சா" உட்பட.

அப்புறம் எல்லோரையும் குழிக்குள்ளேயே இறக்கி, என்னைச் சுற்றி நெருக்கமாக நிற்க வைத்தேன். அந்த இருபது நிமிடம்தான் வகுப்பு. வகுப்பறையில் மூன்று வருடமாக வாயே திறக்காத ஒரு பையன், பெயர் வேண்டாம், ஒன்பது கேள்வி கேட்டான். நரம்பு ஏன் நேராக இல்லை, குறுக்கே வெட்டுகிற நரம்புகளில் எது முதலில் வந்தது என்று. குறுக்கே வெட்டிப் போவதுதான் பிந்தியது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவனே பறந்து போய் ஒன்றின்மேல் நின்றுகொண்டு "அப்போ இது லேட்டா வந்தது" என்கிறான். நான் திரைக்கு முன்னால் தனியாகக் கை தட்டினேன்.

அதற்குள் உள்ளே இருட்டிவிட்டது. சொல்லவில்லையே, அங்கே ஒரு நாள் என்பது நான்கு மணி நேரம்தான், சூரியனை உச்சியில் நிறுத்தி வைக்க ஒரு அமைப்பு இருக்கிறது, அதையும் நான் தொடவில்லை. கரும்பச்சைப் பாறை, வெள்ளை நரம்பு எல்லாம் ஒரே கறுப்பு. அடுத்த வியாழன் மறுபடி வகுப்பு, சூரியனை இப்போதே நிறுத்திவிட்டேன், இதோ திரையில் பாருங்கள், நேர் உச்சியில். இருங்கள், கரண்ட் போய்விட்டது. மழைதான். லேப்டாப்பில் இன்னும் நான்கு சதவீதம் இருக்கிறது, வைத்துவி