கரையாத நூல் பட்டியலில் பட்டு

மகால் பக்கத்திலிருந்தும் செல்லூரிலிருந்தும் தறிக்காரக் குடும்பத்தார் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்கள் முன்னால் பட்டைப் பற்றிப் பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். அதனால் சேலைப் பக்கம் நான் போகவில்லை. தோலுக்கு உள்ளே போன பட்டு என்ன ஆகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஆபரேஷன் தையல் நூலைக் கரையும் நூல், கரையாத நூல் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். நம் மதுரையில் ஆரோலேப் என்ற மருத்துவப் பொருள் நிறுவனம் போன்ற இடங்களில் இந்த நூல்களைத் தயாரிக்கிறார்கள். பட்டு எப்போதும் கரையாத பட்டியலில்தான். ஆனால் அந்தப் பிரிவு நூலின் பலத்தை வைத்துச் செய்தது. உடம்புக்குள் 60 நாளைக்குள் பலத்தில் பெரும்பகுதியை இழந்தால் அது கரையும் நூல். பட்டு அதைத் தாண்டியும் பிடித்து நிற்கும். சரி, அப்புறம்? ஒரு வருஷத்தில் பலம் பெரும்பாலும் போய்விடும். இரண்டு வருஷம் கழித்துத் தேடினால் பெரும்பாலும் நூலையே காண முடியாது.

பட்டு ஒரு புரதம். பட்டுப்புழுக் கூட்டின் இழையில் நடுவில் ஃபைப்ராயின் என்ற புரதம், மேலே செரிசின் என்ற பசை. எடையில் ஏறத்தாழ கால்வாசி பசைதான். சாயம் பிடிக்கவும் மினுக்கு வரவும் அதைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்து எடுப்பார்கள். மருத்துவத்திலும் எடுக்கிறோம், ஆனால் காரணம் வேறு. பசையோடு உள்ளே போன பட்டு சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பிவிடும்.

மீதியுள்ள ஃபைப்ராயினில்தான் விஷயம் இருக்கிறது. கிளைசின், அலனின் என்ற அமினோ அமிலங்கள் மாறி மாறி வரும் இடங்கள் தகடு தகடாக அடுக்கி, படிகமாக இறுகியிருக்கும். நடுநடுவே தளர்வான பகுதிகள். உள்ளே வந்த அந்நியப் பொருளை நம் உடம்பைக் காக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் சூழ்ந்து நொதிகளைச் சுரக்கும். வெட்டு முதலில் விழுவது தளர்ந்த இடத்தில். கைமோட்ரிப்சின் என்ற நொதியில் பட்டை ஊற வைத்தால் தளர்ந்த பகுதி போய், படிகத் துணுக்குகள் மிஞ்சி நிற்கும். உடம்புக்குள் அவையும் மெல்ல மெல்லச் சிதைந்து அமினோ அமிலமாகும். அதை உடம்பு தன் புரதத்துக்கே எடுத்துக்கொள்ளும். உடம்புக்குள் கரையும் பிளாஸ்டிக்கான பாலிலாக்டிக் அமிலத்தில் செய்த பொருள் உடையும்போது சுற்றிலும் அமிலத்தன்மை ஏறும். பட்டில் அந்தத் தொல்லை இல்லை.

படிகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை நாமே ஓரளவு தீர்மானிக்கலாம். பட்டை லித்தியம் புரோமைடு கரைசலில் கரைத்து, உப்பை நீக்கி, உடம்புக்குள் வைக்கப் படலமாகவோ பஞ்சாகவோ வார்க்கிறார்கள். மெத்தனாலில் நனைத்தால் படிகம் கூடும், ஆயுளும் கூடும். 2008இல் வெளிவந்த எலி ஆய்வு ஒன்றில், தண்ணீர் வழியில் செய்த பட்டுப் பஞ்சு சில மாதங்களில் சிதைந்தது. கரிமக் கரைப்பானில் செய்தது ஒரு வருஷம் தாண்டியும் கிடந்தது. இரண்டும் பட்டுதான்! ஆகவே ‘இயற்கைப் பொருள், தானாகக் கரைந்துவிடும்’ என்று ஒருவர் விற்க வந்தால், எப்படிச் செய்தது, எத்தனை மாதத்தில் கரையும் என்று கேளுங்கள்.

இன்னொன்று. இத்தனையும் உள்ளே வைத்த பட்டுக்கு. தோலின் மேல் போட்ட பட்டுத் தையலைக் கரையட்டும் என்று விட்டுவைக்காதீர்கள். பின்னிய நூல் என்பதால் ஈரத்தோடு கிருமியையும் உள்ளே இழுக்கும், தழும்பும் பதியும். முகத்தில் என்றால் ஐந்து நாள் போலப் பிரிப்பார்கள். மற்ற இடங்களில் இன்னும் சில நாள். டாக்டர் சொன்ன தேதிக்குப் போய்விடுங்கள்.